பூட் ஆகும்போதே லினக்ஸ் நின்றுவிடுகிறதா? தொல்லை தரும் டிரைவரை மட்டும் நிறுத்துவது எப்படி

லினக்ஸ் தொடங்கும்போது திரை கருத்துப்போய் அப்படியே நின்றுவிட்டால், இயங்குதளமே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் கோளாறு ஒரே ஒரு டிரைவரில்தான், அதாவது ஒரு வன்பொருளை இயக்கும் நிரலில்தான், இருக்கும். அது கிராபிக்ஸ் கார்டுக்கானதாகவோ, வைஃபைக்கானதாகவோ, மடிக்கணினியின் கேமராவுக்கானதாகவோ இருக்கலாம். அந்த ஒன்றை ஏற்றாமல் விட்டால் மற்றதெல்லாம் ஒழுங்காக எழுந்து வந்துவிடும்.

இந்த நிலையில் புதியவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "ஃபார்மட் பண்ணிட்டு மறுபடி போடு" என்பது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். மறுபடி நிறுவினாலும் வரப்போவது அதே கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அதே டிரைவர். வன்பொருளும் மாறப்போவதில்லை. கோப்புகளை இழந்துவிட்டு, அதே கருப்புத் திரைக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்திருப்பீர்கள். அதைவிடப் பத்து நிமிடம் செலவழித்து எந்த டிரைவர் என்று கண்டுபிடிப்பது நல்லது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் வலியுறுத்தப்போவது ஒரு வரிசையை. முதலில் ஒரு பூட்டுக்கு மட்டும் தற்காலிகமாகத் தடுத்துப் பாருங்கள். குற்றவாளி அதுதான் என்று உறுதியான பிறகே நிரந்தரமாகத் தடுங்கள். தற்காலிகத் தடை கணினியின் வட்டில் எதையும் எழுதாது. தப்பாகப் போனால் மறுதொடக்கம் செய்தால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும். அதனால் பயமில்லாமல் சோதிக்கலாம்.

தட்டச்சு செய்வது பற்றி ஒரு வார்த்தை. கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். ஆங்கிலச் சொற்களாக இருப்பவற்றுக்கு வழக்கமான எழுத்துக்கூட்டல்தான். குழப்பம் வரக்கூடிய இடத்தில் பிரித்துச் சொல்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், மீதியை அதுவே நிரப்பிவிடும்.

டிரைவர் எப்போது ஏறுகிறது?

லினக்ஸ் கர்னலின் மூல நிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். அத்தனையையும் எப்போதும் நினைவகத்தில் வைத்திருக்க முடியாது. அதனால் பெரும்பாலானவை மாட்யூல் எனப்படும் தனித்தனிக் கோப்புகளாக வட்டில் கிடக்கும். பூட் ஆகும்போது கர்னல் ஒவ்வொரு வன்பொருளையும் கண்டுபிடிக்கும். ஒவ்வொன்றும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சொல்லும். அந்த எண்களுக்குப் பொருந்தும் மாட்யூல் எது என்று தேடி ஏற்றும் வேலையை மாட்ப்ரோப் என்ற சிறிய நிரல் செய்கிறது. "இந்தப் பெயர் வந்தால் ஏற்றாதே" என்று அதனிடம் சொல்வதுதான் நாம் செய்யப்போகும் வேலை.

இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள்: இனிட்ராம்எஃப்எஸ் (இனிட், ராம், எஃப், எஸ் எல்லாம் ஒட்டியபடி). உங்கள் வட்டைப் படிப்பதற்கே சில டிரைவர்கள் வேண்டும் அல்லவா? அவற்றையும் ஆரம்பத்திலேயே தேவைப்படும் வேறு சிலவற்றையும் ஒரு சிறிய தொகுப்பாகக் கட்டி, பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் விரிப்பார்கள். அந்தத் தொகுப்புதான் இது. நிரந்தரத் தடை போடும்போது இதை மறந்தால் தடை வேலை செய்யாது. அந்த இடம் வரும்போது விளக்குகிறேன்.

கணினி உயிரோடு இருக்கிறதா?

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. திரை நின்றுபோன நிலையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கர்னல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, காட்சி மட்டும்தான் வரவில்லை. அப்படியானால் கிராபிக்ஸ் டிரைவர் மேல் சந்தேகப்படலாம். விளக்கு அசையவே இல்லை என்றால் கர்னலே உறைந்திருக்கலாம். நீங்கள் தொடாமலே விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது கர்னல் பேனிக், அதாவது கர்னல் தானே கைவிட்டுவிட்ட நிலை.

உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்துத் திரை வந்து பயனர் பெயர் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கேயே உள்நுழைந்து பதிவுகளைப் பார்க்கலாம்.

அணைக்க வேண்டுமானால் உடனே பவர் பொத்தானுக்குப் போகாதீர்கள். ஆல்ட் விசையையும் சிஸ்ஆர்க்யூ விசையையும் (பல விசைப்பலகைகளில் பிரின்ட் ஸ்கிரீன் விசைதான் அது) பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற வரிசையில் சில விநாடி இடைவெளி விட்டு அழுத்துங்கள். கடைசி எழுத்து, பூட் என்ற சொல்லின் முதல் எழுத்து. முதலாவது எழுதாமல் கிடக்கும் தரவை வட்டில் எழுதும், இரண்டாவது வட்டைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றும், மூன்றாவது மறுதொடக்கம் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பிலேயே அனுமதிக்கப்பட்டவை. ஃபெடோராவில் முதலாவது மட்டும்தான், அங்கே அதை அழுத்திவிட்டுப் பவர் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

கிரப் பட்டியலைத் திறப்பது

பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் கர்னலை ஏற்றிவிடும் நிரல் கிரப். கணினியில் ஒரே இயங்குதளம் இருந்தால் அதன் பட்டியல் மறைந்தே இருக்கும். கணினியை இயக்கியவுடன் முதலில் ஓடும் அடிப்படை நிரல் பழைய கணினிகளில் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. பழைய பயாஸ் கணினி என்றால் இயக்கியவுடன் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யூஇஎஃப்ஐ கணினி என்றால் தயாரிப்பாளரின் சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள்.

பதற்றத்தில் எஸ்கேப்பைப் பலமுறை தட்டினால் பட்டியலைத் தாண்டி, கிரப் என்று மட்டும் எழுதிய ஒரு கட்டளை வரியில் போய் நிற்பீர்கள். கவலை வேண்டாம். அங்கே நார்மல் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப்பை ஒருமுறை அழுத்தினால் பட்டியல் வந்துவிடும்.

சில வெளியீடுகள் கிரப்புக்குப் பதில் சிஸ்டம்டி-பூட் பயன்படுத்தும். அங்கே ஸ்பேஸ் விசையால் பட்டியல் வரும். மற்ற முறை கிட்டத்தட்ட இதேதான்.

முதல் முயற்சி: பழைய கர்னல்

"நேற்றுவரை நன்றாக இருந்தது, அப்டேட் செய்த பிறகுதான் இப்படி" என்றால் டிரைவரைத் தேடி அலைவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போனால் முந்தைய கர்னல்கள் இருக்கும். ஃபெடோராவில் அவை முதல் பட்டியலிலேயே தெரியும், இயல்பாக மூன்று கர்னல்களை அது வைத்திருக்கும். பழையதைத் தேர்ந்தெடுங்கள். கணினி ஒழுங்காக எழுந்தால், புதிய கர்னலில் ஏதோ ஒரு டிரைவர் பழுதாகியிருக்கிறது, அல்லது தனியாக நிறுவிய ஒரு டிரைவர் புதிய கர்னலுக்காக இன்னும் தயாராகவில்லை. இரண்டாவது வகை என்விடியாவின் சொந்த டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகப் பழக்கமானது. எப்படியோ, பழைய கர்னலில் இருந்துகொண்டே நிதானமாகக் காரணத்தைத் தேடலாம்.

இரண்டாம் முயற்சி: பூட் வரியைத் திருத்துவது

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். ஒருமுறை கற்றுக்கொண்டால் எந்த லினக்ஸ் கணினியிலும் கைகொடுக்கும்.

1. கிரப் பட்டியலில் நீங்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் வரியின் மேல் நின்று, என்டருக்குப் பதில் இ என்ற எழுத்தை அழுத்துங்கள். சில வரிகள் கொண்ட ஒரு திருத்தி திறக்கும்.

2. அம்புக்குறி விசைகளால் கீழே இறங்கி, லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் வரியைத் தேடுங்கள். அது நீளமாக, அடுத்த வரிக்கு மடிந்து கிடக்கும். மடியும் இடத்தில் தெரியும் பின்சாய்கோட்டை அழிக்க முயல வேண்டாம், அது காட்சிக்கு மட்டும்தான்.

3. அந்த வரியில் கொயட், ஸ்பிளாஷ் என்ற சொற்கள் இருக்கும். ஃபெடோராவில் ஆர்எச்ஜிபி, கொயட். இவற்றை அழித்துவிடுங்கள். சின்னத்துக்குப் பின்னால் மறைந்திருந்த செய்திகளெல்லாம் இப்போது திரையில் ஓடும்.

4. எண்ட் விசையால் அந்த வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு, நீங்கள் சேர்க்க வேண்டிய சொல்லைத் தட்டுங்கள். எதைச் சேர்ப்பது என்று அடுத்துச் சொல்கிறேன்.

5. கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து, அல்லது எஃப்10 அழுத்தினால் பூட் ஆகும். மனம் மாறினால் எஸ்கேப், எல்லாத் திருத்தமும் போய்விடும்.

கிரப் பொதுவாக உங்கள் விசைப்பலகை அமைப்பை அறியாது, அமெரிக்க அமைப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். வேறு அமைப்பு வைத்திருப்பவர்களுக்குச் சமக்குறியும் அடிக்கோடும் இடம் மாறியிருக்கும். தட்டியது என்ன என்று திரையில் பார்த்துக்கொண்டே தட்டுங்கள்.

சரி, எதைச் சேர்ப்பது?

திரை கருப்பாகிறது என்றால் முதலில் நோமோட்செட். நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதுங்கள். திரையின் தெளிவுத்திறனையும் காட்சி முறையையும் கர்னலுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் டிரைவர்களே அமைப்பதுதான் இன்றைய வழக்கம். இந்தச் சொல் அதை நிறுத்திவிடுகிறது. இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கான டிரைவர்களும், என்விடியா கார்டுகளுக்கான நூவோ டிரைவரும் ஒதுங்கிக்கொள்ளும். யூஇஎஃப்ஐ ஏற்கெனவே அமைத்துவைத்த எளிய காட்சியே தொடரும்.

இப்படிப் பூட் ஆனால் கிராபிக்ஸ் டிரைவர்தான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதி. ஆனால் நோமோட்செட்டையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி சொல்லும் பல குறிப்புகளைப் பார்க்கிறேன். அது சரியல்ல. தெளிவுத்திறன் குறையும், வீடியோ திணறும், இரண்டாவது திரை வராது, தூக்க நிலை வேலை செய்யாமல் போகலாம். இது உள்ளே நுழைந்து பழுது பார்ப்பதற்கான வழி மட்டுமே.

என்விடியாவின் சொந்த டிரைவர் நோமோட்செட்டைப் பொருட்படுத்தாமல் போகலாம். அதைப் பெயர் சொல்லித்தான் தடுக்க வேண்டும். அப்படிப் பெயர் சொல்லித் தடுப்பதற்கான வடிவம் இது:

மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்=டிரைவரின் பெயர்

மாட், ப்ரோப் இரண்டையும் சேர்த்து எழுதி, ஒரு புள்ளி, அப்புறம் பிளாக்லிஸ்ட், அப்புறம் சமக்குறி, அதன் பின் பெயர். நடுவில் எங்கேயும் இடைவெளி கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் என்றால் காற்புள்ளி மட்டும் போட்டு ஒட்டி எழுதுங்கள். நூவோவைத் தடுக்க வேண்டுமானால் அதன் எழுத்துகள் என், ஓ, யு, வி, இ, ஏ, யு. என்விடியாவின் டிரைவர் என்றால் என்விடியா, என்விடியா_டிஆர்எம், என்விடியா_மோட்செட் மூன்றையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். பெயருக்குள் அடிக்கோடு போட்டாலும் ஹைஃபன் போட்டாலும் ஒன்றுதான்.

இதற்குக் கடுமையான அண்ணன் ஒன்று உண்டு: மாட்யூல்_பிளாக்லிஸ்ட்=பெயர். முதலாவது, வன்பொருளைக் கண்டு தானாக ஏற்றுவதை மட்டும்தான் தடுக்கும். வேறொரு மாட்யூல் அதைத் துணைக்கு அழைத்தாலோ, ஏதாவது ஒரு நிரல் பெயர் சொல்லிக் கேட்டாலோ ஏறிவிடும். இரண்டாவதில் கர்னலே மறுத்துவிடும், யார் கேட்டாலும் ஏறாது. முதலாவதைப் போட்டும் டிரைவர் எப்படியோ ஏறுகிறது என்றால் இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

பழகிப் பார்க்க விரும்பினால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியிலேயே செய்து பாருங்கள். கேமரா டிரைவரின் பெயர் யுவிசிவீடியோ: யு, வி, சி என்ற எழுத்துகளும் வீடியோ என்ற சொல்லும் ஒட்டியபடி. இதைத் தடுத்துப் பூட் செய்தால் கேமரா காணாமல் போயிருக்கும். மறுதொடக்கம் செய்தால் திரும்பி வந்திருக்கும். ஆபத்தில்லாத ஒன்றில் ஒருமுறை செய்து பழகியவருக்கு, உண்மையாகவே திரை கருக்கும் நாளில் கை நடுங்காது.

எந்த டிரைவர் என்று கண்டுபிடிப்பது

கிராபிக்ஸ் அல்லாத விஷயங்களில் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் கடினமான பகுதி. பொறுமை வேண்டும்.

கொயட்டை அழித்துவிட்டுப் பூட் செய்து, நின்ற இடத்தில் திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். டிரைவர்களின் செய்திகள் பெரும்பாலும் டிரைவரின் பெயரில் தொடங்கும். அதன் பின் சுழியங்களும் முக்காற்புள்ளிகளும் கலந்த ஒரு முகவரி வரும், அப்புறம் செய்தி. ஃபெயில்டு, டைம்டு அவுட் போன்ற சொற்கள் ஒரே பெயரோடு திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள்.

கால் டிரேஸ் என்று ஒரு நீண்ட பட்டியல் வந்தால், அதற்கு மேலே ஆர்ஐபி என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அந்த வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் ஒரு பெயர் இருந்தால் அந்த மாட்யூலுக்குள்தான் கர்னல் தடுமாறியிருக்கிறது. அதே இடத்தில் மாட்யூல்ஸ் லிங்க்டு இன் என்று ஒரு பெரிய பட்டியலும் வரும். பலர் அதைக் குற்றவாளிகளின் பட்டியல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது ஏறியிருந்த எல்லா மாட்யூல்களின் பெயர்களும்தான் அது, யார் மேலும் குற்றம் சொல்லவில்லை.

பூட்டின் தொடக்கத்தில் ஏசிபிஐ (வன்பொருள் விவரங்களையும் மின்சார நிர்வாகத்தையும் கையாளும் அமைப்பு) பிழை என்று சில வரிகள் பளிச்சென்று வருவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நன்றாக ஓடும் பல கணினிகளிலும் அவை வரும். பயாஸில் எழுதிய அட்டவணைகளில் உள்ள சிறு தவறுகள் அவை. அதே போல, திரையில் கடைசியாகத் தெரிந்த வரிதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. டிரைவர்கள் ஒரே நேரத்தில் பல ஏறுகின்றன. பேசிவிட்டுப் போன டிரைவர் நல்லதாகவும், பேசாமல் உறைந்தது கெட்டதாகவும் இருக்கலாம்.

எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்டால் இன்னும் எளிது. பழைய கர்னலிலோ நோமோட்செட்டோடோ வந்து, டெர்மினலில் இதைக் கொடுங்கள்:

சூடோ ஜர்னல்சிடிஎல் -கே -பி -1

சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது: எஸ், யு என்ற எழுத்துகளும் டு (செய்) என்ற ஆங்கிலச் சொல்லும் ஒட்டியபடி. ஜர்னல் என்ற சொல்லோடு சி, டி, எல் சேர்ந்தது கட்டளை. -கே என்பது கர்னலின் செய்திகள் மட்டும். அடுத்ததில் வருவது பூட் என்ற சொல்லின் முதல் எழுத்து, -1 என்பது இதற்கு முந்தைய பூட். இடையில் தோல்வியடைந்த பூட்டுகள் பல என்றால் -2, -3 என்று பின்னால் போகலாம். ஒரேயடியாக உறைந்துபோன கணினியில் கடைசிச் சில வரிகள் வட்டில் எழுதப்படாமலே போயிருக்கும். கைப்பேசிப் படம் அங்கேதான் உதவும்.

எந்த வன்பொருளுக்கு எந்த டிரைவர் என்று அறிய எல்எஸ்பிசிஐ -கே. ஒவ்வொரு சாதனத்தின் கீழும் கர்னல் டிரைவர் இன் யூஸ் என்ற வரி இருக்கும். யுஎஸ்பி சாதனங்களுக்கு எல்எஸ்யுஎஸ்பி -டி, ட்ரீ (மரம்) என்ற சொல்லின் முதல் எழுத்துதான் அந்தக் கடைசி எழுத்து. இப்போது ஏறியிருக்கும் எல்லா மாட்யூல்களையும் பார்க்க எல்எஸ்மாட். மடிக்கணினியின் உள்ளிருக்கும் கேமராவும் புளூடூத்தும்கூடப் பொதுவாக யுஎஸ்பி சாதனங்களே, அதனால் எல்எஸ்பிசிஐ-யில் இல்லை என்று குழம்ப வேண்டாம்.

எந்தத் துப்பும் இல்லையா? அப்போது பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். வைஃபை, புளூடூத், கேமரா, ஒலி ஆகிய நான்கின் டிரைவர்களையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் தடுங்கள். பூட் ஆனால் நான்கில் ஒன்று காரணம். அடுத்த முறை இரண்டை மட்டும் தடுங்கள். இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒன்று அகப்பட்டுவிடும். ஒவ்வொரு முறையும் எதைத் தடுத்தீர்கள், என்ன நடந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எதைத் தடுக்கக் கூடாது

வட்டைப் படிக்கும் டிரைவர்களைத் தொடாதீர்கள்: என்விஎம்இ, ஏஎச்சிஐ, எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்றவை. வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால் டிஎம்_கிரிப்ட்டும் இதில் சேரும். விசைப்பலகைக்கு வேண்டிய யுஎஸ்பிஎச்ஐடி, யுஎஸ்பி இணைப்புகளையே நடத்தும் எக்ஸ்எச்சிஐ ஆகியவற்றைத் தடுத்தால் கணினி எழுந்தாலும் அதனோடு பேச வழியிருக்காது. தற்காலிகமாகத் தடுத்திருந்தால் பிழையில்லை, மறுதொடக்கம் செய்யுங்கள். நிரந்தரமாக்கினால்தான் சிக்கல்.

நிரந்தரமாக்குவதற்கு முன்

காரணமான டிரைவர் தெரிந்தவுடனே முழுதாகத் தடுத்துவிட வேண்டும் என்பதில்லை. பல டிரைவர்களில் ஒரு குறிப்பிட்ட வசதி மட்டும்தான் தகராறு செய்யும். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள சில மடிக்கணினிகளில் திரை நடுங்குவதற்கும் உறைவதற்கும், மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பிஎஸ்ஆர் என்ற வசதி காரணமாக இருப்பதுண்டு. பூட் வரியில் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்று சேர்த்தால் அந்த வசதி மட்டும் நிற்கும், டிரைவர் முழுத் திறனோடு ஓடும். ஒரு டிரைவருக்கு என்னென்ன அமைப்புகள் உண்டு என்று மாட்இன்ஃபோ கட்டளையோடு டிரைவரின் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். பார்ம் என்று தொடங்கும் வரிகள்தான் அவை.

சாதனமே பழுதான கேமரா போன்றது என்றால், பயாஸ் அமைப்புக்குள் அதை அணைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் சுத்தமான வழி. இயங்குதளத்தைத் தொடவே வேண்டியதில்லை.

நிரந்தரத் தடை

வேறு வழியில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். இடிசி அடைவுக்குள் மாட்ப்ரோப்.டி என்று ஓர் அடைவு இருக்கிறது, அதன் பெயர் மாட்ப்ரோப், புள்ளி, டைரக்டரி என்பதன் முதல் எழுத்து. அதற்குள் உங்களுக்குப் புரியும் பெயரில் ஒரு புதிய கோப்பை உருவாக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளைத் திருத்த வேண்டாம், தனிக் கோப்பாக இருந்தால் பிறகு அழிப்பது எளிது. உதாரணத்துக்கு:

சூடோ நானோ /இடிசி/மாட்ப்ரோப்.டி/என்-தடை.கான்ஃப்

நானோ என்பது டெர்மினலில் ஓடும் ஒரு எளிய எழுத்துத் திருத்தி. கோப்பின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் கான்ஃபிக் என்பதன் முதல் நான்கு எழுத்துகள், புள்ளிக்குப் பின்னால், கடைசியில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மாட்ப்ரோப் அதைப் படிக்காது. உள்ளே ஒரே வரி போதும்:

பிளாக்லிஸ்ட் யுவிசிவீடியோ

ஏன் தடுத்தீர்கள், எந்தத் தேதியில் என்று மேலே ஒரு குறிப்பும் எழுதிவையுங்கள். ஹாஷ் குறியில் தொடங்கும் வரியைக் கணினி படிக்காது. ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும் நீங்களே அந்தக் குறிப்புக்கு நன்றி சொல்வீர்கள்.

அடுத்து, முன்பு சொன்ன இனிட்ராம்எஃப்எஸ். இந்த அடைவின் ஒரு நகல் அந்தத் தொகுப்புக்குள்ளும் இருக்கிறது. கிராபிக்ஸ் போன்ற சில டிரைவர்கள் அங்கிருந்தே ஏறிவிடும், வட்டில் நீங்கள் எழுதிய கோப்பை அப்போது யாரும் பார்ப்பதில்லை. "தடைப் பட்டியலில் போட்டும் நூவோ ஏறுகிறது" என்பவர்களில் பலர் விட்டுவிடும் படி இதுதான். தொகுப்பைப் புதிதாகக் கட்ட வேண்டும். டெபியன், உபுண்டு, மின்ட் என்றால்:

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு

ஃபெடோரா, ஓபன்சூசே என்றால்:

சூடோ டிராகட் --ஃபோர்ஸ்

டிராகட் என்பது டைரக்டரியின் முதல் எழுத்து, ஆர், ஏ, அதோடு கட் (வெட்டு) என்ற ஆங்கிலச் சொல், எல்லாம் ஒட்டியபடி. ஆர்ச் லினக்ஸ் என்றால் சூடோ எம்கேஇனிட்சிபிஐஓ -பி. அங்கே வரும் பி, பேப்பர் என்ற சொல்லில் வருவது. அதைப் பெரிய எழுத்தாகப் போட வேண்டும்.

மறுதொடக்கம் செய்து எல்எஸ்மாட் பட்டியலில் அந்தப் பெயர் இல்லையா என்று பாருங்கள். இல்லை என்றால் வேலை முடிந்தது.

இருக்கிறது என்றால் வேறு ஏதோ ஒன்று அதை அழைக்கிறது. அதே கோப்பில் இன்ஸ்டால் பெயர் /பின்/ஃபால்ஸ் என்று இன்னொரு வரி சேர்க்கலாம். அந்த மாட்யூலை ஏற்றச் சொல்லும்போதெல்லாம், எதுவும் செய்யாமல் தோல்வி என்று மட்டும் சொல்லும் ஒரு நிரலை ஓட்டு என்பது இதன் பொருள். இதை முதலிலேயே போடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறும் பிளாக்லிஸ்ட் வரியால் தவறான டிரைவரைத் தடுத்துவிட்டு இனிட்ராம்எஃப்எஸ் என்ற எழுத்துத் திரையில் மாட்டிக்கொண்டால், அங்கேயே மாட்ப்ரோப் என்று தட்டி அந்த டிரைவரின் பெயரைக் கொடுத்து ஏற்றிவிட்டு, எக்ஸிட் கொடுத்து மேலே போகலாம். இன்ஸ்டால் வரி போட்டிருந்தால் அந்த வாசலும் அடைபட்டிருக்கும்.

பெயர் எல்எஸ்மாட்டில் வரவே இல்லை, ஆனாலும் சாதனம் வேலை செய்கிறது என்றால் அந்த டிரைவர் மாட்யூலாக இல்லாமல் கர்னலோடு சேர்த்தே கட்டப்பட்டது. இங்கே சொன்ன எந்தத் தடையும் அதன் மேல் செல்லாது. அதற்கென்று ஏதாவது பூட் அமைப்பு இருக்கிறதா என்று கர்னலின் ஆவணங்களில் தேட வேண்டும்.

பின்வாங்குவது

தடையை நீக்க, நீங்கள் உருவாக்கிய கோப்பை அழித்துவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுங்கள். கணினிக்குள் நுழையவே முடியவில்லை என்றால் நிறுவப் பயன்படுத்திய யுஎஸ்பியிலிருந்து லைவ் முறையில் (எதையும் நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே ஓட்டும் முறை) பூட் செய்து, உங்கள் வட்டைத் திறந்து அந்தக் கோப்பை அழிக்கலாம். அந்த யுஎஸ்பியே கருப்புத் திரையில் நிற்கிறது என்றால், உபுண்டு நிறுவியில் சேஃப் கிராபிக்ஸ் என்ற வரியும், ஃபெடோராவில் டிரபிள்ஷூட்டிங் என்ற பகுதிக்குள் பேசிக் கிராபிக்ஸ் என்ற வரியும் இருக்கும். இரண்டும் நோமோட்செட்டை நமக்காகச் சேர்த்துத் தருபவை. அந்தப் பட்டியலிலும் இ அழுத்தி வரியைத் திருத்தலாம்.

கடைசியாக ஒரு வேலை. எல்எஸ்பிசிஐ-யின் வெளியீடு, ஜர்னலில் கிடைத்த பிழை வரிகள், கர்னலின் பதிப்பு (யுநேம் -ஆர் கொடுத்தால் வரும்), எதைத் தடுத்தபோது பூட் ஆனது என்ற தகவல், இவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் வெளியீட்டின் பிழை பதிவு அமைப்பில் பதியுங்கள். எந்த மாட்யூல் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு பதிவு, டிரைவரைப் பராமரிப்பவர்களுக்குப் பெரிய உதவி. அப்புறம், புதிய கர்னல் வரும்போது தடையை எடுத்துவிட்டு ஒருமுறை பூட் செய்து பாருங்கள். சரியாகியிருந்தால் அந்தக் கோப்பு இனித் தேவையில்லை.